ஜெனரேட்டர் எந்த ஸ்விட்சுக்கு?

சாஃப்ட்வேர் டிஃபைண்ட் நெட்வொர்க், அதாவது ஒரு மென்பொருளிலிருந்தே பெட்டிகள் எல்லாவற்றையும் அமைத்து நிர்வகிக்கும் நெட்வொர்க், என்றதும் எல்லோர் கண்ணும் திரைக்குத்தான் போகிறது. சிஸ்கோவின் நிர்வாக மென்பொருளான கேட்டலிஸ்ட் சென்டரைத் திறந்தால் கட்டடம் கட்டடமாக, மாடி மாடியாகப் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு ஸ்விட்ச், அதாவது கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி. ஒன்றைச் சொடுக்கினால் அதில் எந்த லேப்டாப், எந்த ஃபோன், எந்த பிரிண்டர் என்று எல்லாம் விரிகிறது. விற்க வருபவர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். நிர்வாகத்துக்கு நாங்களும் அதைத்தான் காட்டுகிறோம். அதனாலேயே மூளை அங்கே இருக்கிறது, கீழே கிடப்பதெல்லாம் கைகால் என்றொரு எண்ணம் ஊன்றிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நெட்வொர்க் பார்த்துப் பிழைக்கும் எனக்கு அந்த எண்ணம் ஒட்டவில்லை. காரணம் லோட்ஷெடிங்.

தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, 2007 கடைசியில் தொடங்கியது. கட்டம் 1 என்றால் நாடு முழுவதற்கும் 1000 மெகாவாட் குறைப்பு. கட்டம் 6 என்றால் 6000. அந்த ஆறாம் கட்டத்தை முதன்முதலில் பார்த்தது 2019 டிசம்பரில். 2023 மிக மோசமான வருடம். 2024 மார்ச் கடைசியில் நின்றது, 2025இன் முதல் பாதியில் தலைகாட்டிவிட்டுப் போனது. 2012இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அட்டவணை உண்டு என்பது ஒன்றுதான் கூடுதல் வசதி. எந்தப் பகுதிக்கு எந்த மணிக்கு என்று ஃபோனிலேயே வந்துவிடும். நெட்வொர்க்காரனுக்கு அது ஒருவகையில் பரிசோதனைக்கூடம். தலைமை அலுவலகத்தில் கரண்ட் இருக்கும்போது துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் போகும். பிறகு அப்படியே மாறும். எந்தப் பெட்டி அணைந்தால் யார் ஃபோன் பண்ணித் திட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தே அந்தப் பெட்டியின் வேலை என்ன என்று புரிந்துகொள்ளலாம். பயிற்சி வகுப்பின் ஸ்லைடுகளில் எல்லா நோடுகளும், அதாவது ஆளுக்கொரு வேலை பார்க்கும் நெட்வொர்க் பெட்டிகளும், ஒரே அளவில், அழகாக வரிசையாக நிற்கும். கரண்ட் போகும்போது அவை ஒரே அளவில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

நான் சொல்லப்போவது எஸ்டி-ஆக்சஸ் என்ற அமைப்பைப் பற்றி. 2017 ஜூனில் சிஸ்கோ அறிவித்தது. அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கான லேனை ஒரே துணிபோல, ஒரு ஃபேப்ரிக்காக நெய்துவிடுவது அதன் உத்தி. கீழே சாதாரண ஐபி நெட்வொர்க், அதாவது அண்டர்லே. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு லூப்பேக் முகவரி, அதாவது அந்தப் பெட்டிக்கே உரிய நிலையான முகவரி; அவற்றை ஒன்றுக்கொன்று அறிவிக்கப் பெரும்பாலும் ஐஎஸ்-ஐஎஸ் என்ற ரவுட்டிங் நெறிமுறை. அதன் மேல் ஓவர்லே. பயனரின் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, விஎக்ஸ்லேன் என்ற உறைக்குள் போட்டு, ஒரு ஸ்விட்சின் லூப்பேக்கிலிருந்து இன்னொன்றின் லூப்பேக்குக்கு அனுப்புவார்கள். உறை 50 பைட் எடையைக் கூட்டுகிறது. அதனால் வழியில் உள்ள எல்லா இணைப்புகளிலும் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 9100 பைட்டுக்கு ஏற்றிவிடச் சொல்கிறார்கள். ஏற்றாமல் விட்டால் சோதனைக்கு அனுப்பும் சிறிய பிங் போகும், பெரிய ஃபைல் போகாது. அதைக் கண்டுபிடிக்கப் பாதி நாள் ஓடிவிடும்.

சரி, பாக்கெட்டை எந்த ஸ்விட்சுக்கு அனுப்புவது? இந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் கன்ட்ரோல் பிளேன் நோட். அதற்குப் பின்னால் உள்ள கதை எனக்கு மிகவும் பிடித்தது.

2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் இணையக் கட்டமைப்பு வாரியம் ஒரு பட்டறை நடத்தியது. இணையத்தின் ரவுட்டிங் டேபிள், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல், கட்டுக்கடங்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசினார்கள். நோயின் மூலம் என்று பலர் சுட்டிக்காட்டியது ஒன்றை: ஐபி முகவரி இரண்டு வேலை பார்க்கிறது. நீ யார் என்பதையும் அதுவே சொல்கிறது, நீ எங்கே இருக்கிறாய் என்பதையும் அதுவே சொல்கிறது. இடம் மாறினால் ஆளே மாறிவிடுகிறான். இரண்டையும் பிரித்துவிடலாம் என்ற யோசனையிலிருந்து பிறந்த நெறிமுறைதான் லிஸ்ப். 2013 ஜனவரியில் ஆர்எஃப்சி 6830 என்ற இணைய நெறிமுறை ஆவணமாகச் சோதனை நிலையில் வெளிவந்தது. 2022 அக்டோபரில் 9300, 9301 என்ற எண்களோடு தர நிர்ணயப் பாதைக்கு ஏறியது. இணையத்துக்கென்று யோசித்தது இணையத்தில் பெரிதாகப் பரவவில்லை; எஸ்டி-ஆக்சஸின் கன்ட்ரோல் பிளேன் நோட் பேசும் மொழியாக அலுவலக மாடிகளில் வந்து குடியேறியது. நெறிமுறைகளின் தலையெழுத்து சில நேரம் அப்படித்தான்.

எங்கள் கட்டடத்தின் மின்சார வேலைகளைப் பார்க்கும் அங்கிள், டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். டர்பனில் வயதில் மூத்த எல்லோரும் அங்கிள், ஆன்டிதான். ஐந்தாம் தலைமுறை. தமிழில் பேச வராது. 'தம்பி', 'வா', 'சாப்பிடு', 'சரி' போன்ற சில சொற்கள் உண்டு. ஆனால் கோயிலில் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தேவாரத்தைப் பார்த்துக் கணீரென்று பாடுவார். அவருடைய பெற்றோர் இருந்தது மேகசின் பேரக்ஸில். நகராட்சி வேலைக்காரர்களுக்கான குடியிருப்பு அது, தமிழரும் தெலுங்கரும் நெருக்கமாக வாழ்ந்த இடம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தின்கீழ் 1960களில் அங்கிருந்தவர்களைக் காலிசெய்யவைத்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். பதினோரு யூனிட்டுகள், எண்களால் குறிக்கப்பட்டவை. பழைய அண்டைவீட்டுக்காரர் இப்போது எந்த யூனிட்டில் எந்தத் தெருவில் என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஓர் ஆன்டி எல்லோருடைய இருப்பிடத்தையும் மனதில் வைத்திருந்தாராம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் அவரிடம் போய்க் கேட்டுக்கொண்டுதான் புறப்படுவார்களாம். கன்ட்ரோல் பிளேன் நோட் என்றால் என்ன என்று அங்கிள் கேட்டபோது எனக்கு அந்த ஆன்டியைத் தவிர வேறு உதாரணம் தோன்றவில்லை.

அந்த ஆன்டி யார் வீட்டுக்கும் பத்திரிகையைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கன்ட்ரோல் பிளேன் நோடும் அப்படித்தான், பாக்கெட்டைச் சுமக்காது. ஒரு லேப்டாப் எட்ஜ் ஸ்விட்சில் செருகப்பட்டதும் அந்த ஸ்விட்ச் "இந்த முகவரி என்னிடம் இருக்கிறது" என்று பதிவுசெய்கிறது. இன்னொரு ஸ்விட்சுக்கு அந்த லேப்டாப்போடு பேச வேண்டியிருந்தால் "அது எங்கே?" என்று கேட்கிறது. பதிலாக ஒரு லூப்பேக் முகவரி வருகிறது. கேட்ட ஸ்விட்ச் அந்தப் பதிலைத் தன்னிடம் சேமித்துக்கொள்கிறது, இயல்பான அமைப்பில் 24 மணி நேரத்துக்கு. லேப்டாப் மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்குப் போனால் புதிய ஸ்விட்ச் பதிவுசெய்யும். பழைய ஸ்விட்சுக்குத் தகவல் போகும். பழைய முகவரிக்கு இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பவரிடம் பழைய ஸ்விட்சே "திரும்பக் கேட்டுக்கொள்" என்று சொல்லிவிடும்.

இப்போது கரண்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். கன்ட்ரோல் பிளேன் நோடுகள் எல்லாம் அணைந்துவிட்டன, மற்றவை ஓடுகின்றன. நெட்வொர்க் உடனே சாகாது. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்கள் சேமித்த பதிலை வைத்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வந்தவர் பதிவாக முடியாது. இடம் மாறியவரைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வருகிற புகார்கள் விசித்திரமாக இருக்கும்: "எனக்கு வேலை செய்கிறது, பக்கத்து மேசையில் இல்லை", "மெயில் வருகிறது, மீட்டிங் ரூமுக்குப் போனதும் எல்லாம் போய்விட்டது." உதவி மேசையில் இருப்பவர் கேபிளைப் பிடுங்கிச் செருகச் சொல்வார். பிடுங்கியதும் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுவிடும். ஒரே மாடியில் பாதிப் பேருக்கு இருந்து பாதிப் பேருக்கு இல்லை என்றால் எட்ஜைத் திட்டுவதற்கு முன்னால் கன்ட்ரோல் பிளேன் நோடைப் பார்ப்பேன்.

எட்ஜ் நோடுதான் பயனரின் கேபிள் வந்து சேரும் ஸ்விட்ச். எண்ணிக்கையில் இதுவே அதிகம், வேலையிலும் இதற்கே சுமை அதிகம். உள்ளே வருகிறவர் யார் என்று ஐஎஸ்ஈ சர்வரிடம் கேட்டு உறுதிசெய்கிறது. எந்த விர்ச்சுவல் நெட்வொர்க் (அதே கம்பிகளின் மேல் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்), எந்தக் குழு என்று முத்திரை குத்துகிறது. விஎக்ஸ்லேன் உறையில் அதற்கென்று இடமிருக்கிறது. நெட்வொர்க் எண்ணுக்கு 24 பிட், குழு எண்ணுக்கு 16 பிட். கணக்காளர் குழு சிசிடிவி கேமராவைத் தொடலாமா கூடாதா என்ற முடிவை அமல்படுத்துவது பாக்கெட் போய்ச் சேரும் பக்கத்தில் இருக்கும் எட்ஜ். இதனால் ஒவ்வொரு எட்ஜும் தன்னிடம் இருக்கும் குழுக்களுக்கான விதிகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு. எல்லா எட்ஜ் நோடுகளிலும் கேட்வே, அதாவது லேப்டாப் வெளியே போக முதலில் தொடும் வாசல், அதன் முகவரி ஒன்றே, வன்பொருள் முகவரியான மேக் முகவரியும் ஒன்றே. எந்த மாடிக்குப் போனாலும் லேப்டாப்புக்குத் தன் கேட்வே கூடவே வந்துவிட்டது போலிருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஐபி முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஐபி வேண்டும் என்று கோரிக்கை வருகிறது, அனுப்பியவர் முகவரி கேட்வே. பதிலை அந்த கேட்வேக்கு அனுப்ப வேண்டும். எந்த கேட்வே? எல்லா ஸ்விட்சுக்கும் அதே முகவரி. இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது. கோரிக்கையை அனுப்பும்போதே எட்ஜ் நோட் ஆப்ஷன் 82 என்ற பழைய டிஹெச்சிபி வசதிக்குள் தன் லூப்பேக் முகவரியையும் நெட்வொர்க் எண்ணையும் ஒளித்துவைக்கிறது. சர்வர் பதிலோடு ஆப்ஷன் 82ஐயும் அப்படியே திருப்பி அனுப்புகிறது. பதில் முதலில் வந்து சேர்வது ஃபேப்ரிக்கின் வாசலில் நிற்கும் பார்டர் நோடில். அது ஆப்ஷன் 82ஐத் திறந்து பார்த்து, 'ஓ, இது நான்காம் மாடிக்கு' என்று உறையிலிட்டுச் சரியான எட்ஜுக்கு அனுப்புகிறது. ஆப்ஷன் 82ஐத் திருப்பி அனுப்பாத சர்வர் வாய்த்துவிட்டால் ஒரு லேப்டாப்புக்கும் ஐபி கிடைக்காது, திரையில் எல்லாப் புள்ளியும் பச்சையாகவே இருக்கும். நோடுகளின் பங்கைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு டிஹெச்சிபி பதில் போதும். எட்ஜ் ஒளித்துவைத்ததை பார்டர் படிக்கிறது.

எட்ஜ் நோட் கரண்ட் இல்லாமல் அணைந்தால் அந்த மாடி மட்டும் போகும். அதில் மர்மமில்லை. மற்ற ஸ்விட்சுகள் அது செத்ததை எப்படித் தெரிந்துகொள்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஐஎஸ்-ஐஎஸ் டேபிளிலிருந்து அதன் லூப்பேக் முகவரி மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒவ்வொரு லூப்பேக்கும் தனித்தனியாக, முழு 32 பிட் ரூட்டாக, அதாவது அந்த ஒரு முகவரிக்கென்றே ஒரு வழியாக, டேபிளில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். டேபிளைச் சிறிதாக்குகிறேன் என்று யாராவது சுருக்கி அறிவித்துவிட்டால் செத்தவனும் உயிரோடு இருப்பதாகவே மற்றவர்கள் நினைத்துக்கொண்டு பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இன்டர்மீடியட் நோடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் பெருமை. எட்ஜுக்கும் பார்டருக்கும் நடுவில் நின்று ஐபி பாக்கெட்டைக் கடத்துகிறது. உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. லிஸ்பும் தெரியாது, குழுவும் தெரியாது. பெரிய எம்டியூ தாங்கினால், ரவுட்டிங் தெரிந்தால் போதும். கோர் ஸ்விட்ச் என்பதற்காகவே விலையுயர்ந்ததை வாங்கி நடுவில் வைக்கும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது; அந்தப் பணத்தில் இரண்டு யுபிஎஸ் வாங்கலாம் என்பது என் கட்சி.

பார்டர் நோடுக்கு வருவோம். ஃபேப்ரிக்குக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நிற்கிறது. எட்ஜுக்குத் தெரியாத எந்த முகவரியும் கடைசியில் இங்கேதான் வரும். இதில் வகைகள் உண்டு. வெளியே போகும் பொதுவாசலாக மட்டும் இருப்பது எக்ஸ்டர்னல். டேட்டா சென்டர் போன்ற தெரிந்த இடங்களின் முகவரிகளை ஃபேப்ரிக்குக்குள் பதிவுசெய்வது இன்டர்னல். இரண்டும் சேர்ந்தது எனிவேர். மறுபக்கம் ஒவ்வொரு விர்ச்சுவல் நெட்வொர்க்கையும் தனித்தனி விஆர்எஃப் (தனி ரவுட்டிங் டேபிள்) ஆகப் பிரித்து, பிஜிபி என்ற ரவுட்டிங் நெறிமுறை வழியே ஃபேப்ரிக்குக்கு வெளியே நிற்கும் ஒரு ஃபியூஷன் ரவுட்டரிடம் ஒப்படைக்கிறது. பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ், டிஹெச்சிபி, ஐஎஸ்ஈ போன்ற எல்லோருக்கும் பொதுவானவற்றை எந்த நெட்வொர்க் தொடலாம் என்று தீர்மானித்து ரூட்டுகளைக் கசியவிடுவது அந்த ரவுட்டர். ஃபேப்ரிக் வரைபடத்தில் அதற்கு இடமே கிடையாது. அணைந்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பார்டர் நோடுக்கு ஒரு குணம் உண்டு. முழுதாகச் செத்தால் பிரச்சினையில்லை, பாதி செத்தால்தான் தொல்லை. முழுதாக அணைந்தால் லூப்பேக் மறையும். எட்ஜ்கள் அடுத்த பார்டருக்கு மாறிவிடும். ஆனால் லோட்ஷெடிங்கில் நடப்பது வேறு. எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, பார்டர் நோட் ஜம்மென்று ஓடுகிறது. இணைய சேவை தருபவரின் தெருவோரப் பெட்டியில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. இந்த நாட்டில் செல்ஃபோன் கோபுரங்களிலிருந்து பேட்டரிகள் திருடுபோவது அன்றாடச் செய்தி, தெருப்பெட்டிகளும் பாதுகாப்பாக இல்லை. இப்போது பார்டர் நோட் உள்ளே உயிரோடு இருக்கிறது, வெளியே குருடாக இருக்கிறது. லூப்பேக் தெரிகிறதே என்று எட்ஜ்கள் பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு பார்டர் இருந்து ஒன்று இப்படி ஆனால் போக்குவரத்தில் ஒரு பங்கு இந்தப் பக்கம் வந்து காணாமல் போகும். பயனருக்குச் சில வலைத்தளங்கள் திறக்கும், சில திறக்காது.

எஸ்டி-ஆக்சஸின் பழைய லிஸ்ப்-பிஜிபி அமைப்பில் இதற்கு மருந்து, இரண்டு பார்டர்களுக்கும் நடுவில் ஒவ்வொரு விஆர்எஃபுக்கும் ஒரு உள் பிஜிபி இணைப்பு. வெளியே போக முடியாதவன் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவான். வேலை செய்யும், ஆனால் விர்ச்சுவல் நெட்வொர்க் கூடக்கூடக் கையால் கட்ட வேண்டிய இணைப்புகளும் கூடும். பின்னால் வந்த லிஸ்ப் பப்-சப் அமைப்பு இதை நேராகத் தீர்க்கிறது. பார்டர் நோட் தன்னிடம் டிஃபால்ட் ரூட், அதாவது வெளியே போகும் பொது வழி, இருக்கும்வரைதான் 'நான் வாசல்' என்று கன்ட்ரோல் பிளேனில் பதிவுசெய்துவைக்கும். ரூட் போனதும் பதிவை விலக்கிக்கொள்ளும். மாற்றத்தைக் கன்ட்ரோல் பிளேன் உடனே சந்தா வைத்திருக்கும் ஸ்விட்சுகளுக்கு அறிவிக்கும், எட்ஜ்கள் அடுத்த வாசலுக்குத் திரும்பும். புதிய ஃபேப்ரிக் போடுகிறவர் யாரேனும் என்னிடம் கேட்டால் இரண்டாவது யோசனையே இல்லாமல் பப்-சப் என்பேன்.

கிடங்கில் கதை வேறு. அங்கே ஆட்கள் கையில் ஸ்கேனரோடு நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஃபேப்ரிக் வயர்லெஸ்ஸில் வயர்லெஸ் கன்ட்ரோலருக்குக் கட்டுப்பாட்டுப் பேச்சு மட்டுமே போகிறது. ஸ்கேனரின் தரவு வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்டிலிருந்து நேரே பக்கத்து எட்ஜுக்கு விஎக்ஸ்லேனில் இறங்கிவிடும். ஸ்கேனர் எந்த எட்ஜின் பின்னால் இருக்கிறது என்பதை வயர்லெஸ் கன்ட்ரோலர்தான் கன்ட்ரோல் பிளேன் நோடில் பதிவுசெய்கிறது. தரவு கன்ட்ரோலர் வழியே போகவில்லையே, அது அணைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அணைந்தால் ஆக்சஸ் பாயின்டுகள் அதைத் தேடக் கிளம்பிவிடும், வயர்லெஸ் படுத்துவிடும். ஆக்சஸ் பாயின்டுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் தாமதம் 20 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதனால் அதைத் தொலைவில் ஏதோ ஒரு கிளவுடில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கிடங்கின் கோடியில், ஏசி இல்லாத இடத்தில், கேமராவுக்கும் கேட்டுக்கும் சின்ன ஸ்விட்சுகள் தேவைப்பட்டன. அவை எக்ஸ்டெண்டட் நோடுகள். லிஸ்ப் தெரியாது, ஒரு எட்ஜின் வாலாகத் தொங்கும். தாய் எட்ஜ் போனால் வாலும் போகும்.

கேட்டலிஸ்ட் சென்டர் கரண்ட் போய் அணைந்தால் என்ன ஆகும்? பயனருக்கு ஒன்றும் ஆகாது. புதிய ஸ்விட்ச் சேர்க்க முடியாது, கொள்கையை மாற்ற முடியாது, புள்ளிகளைப் பார்க்க முடியாது. அது வரைந்த அமைப்பு ஏற்கெனவே ஸ்விட்சுகளின் கான்ஃபிகில் எழுதப்பட்டுவிட்டது. ஐஎஸ்ஈ அப்படியில்லை. அது அணைந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு உடனே ஆபத்தில்லை, புதிதாக வருபவர்களை உறுதிசெய்ய ஆளில்லை. கிரிட்டிக்கல் விலேன் என்று ஒரு தற்காலிகப் பிரிவை முன்கூட்டியே வைத்திருந்தால் ஸ்விட்ச் அவர்களை அங்கே போட்டுவைக்கும். வைக்காவிட்டால் கதவு மூடியே இருக்கும்.

இதையெல்லாம் நான் ஒழுங்காக யோசிக்க வேண்டி வந்தது அங்கிளால். ஜெனரேட்டரின் சுமையைக் குறைக்க வேண்டும், முக்கியமான சர்க்யூட்டில் எதை விடுவது, எதை எடுப்பது என்று அவருக்குப் பட்டியல் வேண்டியிருந்தது. சர்வர் ரூமுக்கு வந்து ரேக்கைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இதில் பெரிய பெட்டி எது? அதை முதலில் போடலாம்" என்றார்.

பெரிய பெட்டி கேட்டலிஸ்ட் சென்டர் சர்வர். "அங்கிள், அதைக் கடைசியில் போடலாம். தேவைப்பட்டால் விட்டேகூட விடலாம்" என்றேன்.

"எல்லோரும் இதைத்தானே காட்டுகிறீர்கள்?"

"காட்டுவதற்கு அது. ஓடுவதற்கு இவை" என்று கீழே இருந்த இரண்டு ஸ்விட்சுகளைக் காட்டினேன். எங்களுக்குக் கன்ட்ரோல் பிளேனும் பார்டரும் ஒரே பெட்டியில், அப்படி இரண்டு. செலவைக் குறைக்க இப்படிச் சேர்த்துவைப்பது நடைமுறையில் சகஜம். சேர்த்துவைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாகவே சாகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் சேர்க்கிறோம்.

அங்கிள் இரண்டையும் பார்த்தார். ஒரே ரேக். பின்னால் போய் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், "இரண்டும் ஒரே டிபியில் இருந்து வருகிறது. அப்புறம் எதற்கு இரண்டு?" என்றார்.

நெட்வொர்க் வரைபடத்தில் அந்த டிபி, அதாவது மின்விநியோகப் பெட்டி, இல்லை. எந்த நெட்வொர்க் வரைபடத்திலும் இருக்காது. இரண்டாவதை வேறு மாடிக்கு, வேறு மின்வழிக்கு மாற்றினோம். அதற்கு ஃபைபர் இழுக்க ஆன செலவைப் பற்றி நிதிப் பிரிவு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பட்டியல் கடைசியில் இப்படி அமைந்தது. முதலில் இன்டர்மீடியட் ஸ்விட்சுகளும் அந்த இரண்டு பெட்டிகளும் ஃபியூஷன் ரவுட்டரும். அடுத்து டிஹெச்சிபி, டிஎன்எஸ், ஐஎஸ்ஈ சர்வர்கள். பிறகு வயர்லெஸ் கன்ட்ரோலர். அதன் பிறகுதான் எட்ஜ்கள். அணைவதைவிடத் திரும்பி வருவது கரடுமுரடானது என்பதால் இந்த வரிசை. மின்சாரம் திரும்பியதும் எல்லா லேப்டாப்பும் ஃபோனும் கேமராவும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும்: நான் யார் என்று சொல், எனக்கு ஐபி கொடு, என்னைப் பதிவுசெய். எட்ஜ் எழுந்து ஐஎஸ்ஈ எழாமல் இருந்தால் எல்லோரும் கிரிட்டிக்கல் விலேனில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பிறகு மறுபடி உறுதிசெய்ய வேண்டும், இன்னொரு சுற்று நெரிசல்.

எட்ஜ்களில் பிஓஈ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் கொடுப்பது, ஒரு தனி வழக்கு. ஸ்விட்ச் தனக்கென்று குடிப்பது குறைவு. அதன் வழியே ஃபோனும் ஆக்சஸ் பாயின்டும் கேமராவும் குடிப்பதுதான் யுபிஎஸ் பேட்டரியைக் காலிசெய்கிறது. பாதுகாப்புப் பிரிவு கேமரா வேண்டும் என்றது. மேசை ஃபோன்களை யாரும் கேட்கவில்லை, எல்லோரும் வாட்ஸாப்பில் இருக்கிறார்கள். கரண்ட் போன நேரத்தில் பிஓஈ எந்தப் போர்ட்டில் இருக்கும், எதில் இருக்காது என்பதை இப்போது முன்கூட்டியே பிரித்துவைத்திருக்கிறோம்.

கிளைகளுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையில் பார்டர், கன்ட்ரோல் பிளேன், எட்ஜ் மூன்றும் ஒரே கேட்டலிஸ்ட் 9300 அடுக்கில் இருக்கின்றன. ஃபேப்ரிக் இன் எ பாக்ஸ் என்பார்கள். கரண்ட் போனால் மூன்றும் சேர்ந்து போகும், வந்தால் சேர்ந்து வரும். யார் எந்த வேலை பார்க்கிறார்கள் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. இருக்கும் ஒரு யுபிஎஸ்ஸின் பேட்டரியை மாற்ற வேண்டிய தேதியை அங்கிள் ரேக்கின் கதவில் மார்க்கரால் எழுதிவிட்டு வந்திருக்கிறார்.